வெந்த பின்னும் பிடி விடாத புரதம்



"நல்லா வேகவெச்சாச்சு, ஒன்னும் செய்யாது, சாப்பிடு." மீன் சாப்பிட்டால் உடம்பு தடித்துப்போகும் பிள்ளைக்கு நம் வீடுகளில் முதலில் சொல்லப்படும் ஆறுதல் இது. அடுத்த ஆறுதல், "கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டா பழகிடும்" என்பது. இரண்டும் அன்பால் சொல்லப்படுபவைதான். ஆனால் மீன் ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு இந்த இரண்டு வாக்கியங்களும் உயிராபத்தைக் கொண்டுவரக்கூடியவை. இதுதான் இந்த வாரம் நான் உங்கள்முன் வைக்கும் கருத்து. இதற்கான காரணம், மீனின் தசையில் இருக்கும் ஒரு சிறிய புரதத்தில் இருக்கிறது. அந்தப் புரதம் கால்சியத்தை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நாம் கடலை ஒட்டி வாழ்பவர்கள். பாசிர் பெனாம்பாங், ஜெராம், தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் எனக் கரையோரத்தில் இறங்கும் மீன், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்கள்வரை வந்து சேர்கிறது. மீன் குழம்பு கொதிக்காத வாரம் நம் வீடுகளில் அரிது. மீன் நல்ல உணவு. இறைச்சியைவிடக் கட்டுப்படியான விலையில் கிடைக்கும் புரதம். அதனால்தானோ என்னவோ, "எனக்கு மீன் சேராது" என்று ஒருவர் சொன்னால் நம்மால் எளிதில் நம்ப முடிவதில்லை. "செல்லம்", "நடிப்பு", "வாய்க்கு ருசி கேட்கிறது" என்றெல்லாம் பேசிவிடுகிறோம். பேசுவதற்கு முன்னால் அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கால்சியம் எலும்புக்கு மட்டுமா?

கால்சியம் என்றதும் எலும்பும் பல்லும்தான் நினைவுக்கு வரும். அது சரிதான். ஒரு பெரியவரின் உடலில் உள்ள ஏறத்தாழ 1 கிலோ கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. மீதி 1 விழுக்காடு சும்மா இருப்பதில்லை. உடலுக்குள் செய்தி கொண்டுபோகும் வேலை அதனுடையது.

ஓய்வில் இருக்கும் ஓர் உயிரணுவின் உள்ளே, தனித்துத் திரியும் கால்சியம் மிக மிகக் குறைவு. வெளியே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. உயிரணு மிகுந்த ஆற்றலைச் செலவழித்து இந்த வேறுபாட்டைக் காத்துவருகிறது. நரம்பிலிருந்து ஒரு சைகை வந்தவுடன் கதவுகள் திறக்கின்றன, கால்சியம் பாய்கிறது. அமைதியான வகுப்பறையில் மணி அடித்ததுபோல், உயிரணு முழுவதும் விழித்துக்கொள்கிறது. தசை என்றால் சுருங்குகிறது. சுரப்பி என்றால் சுரக்கிறது.

மணி அடித்தால் மட்டும் போதாது. அதைக் கேட்க ஒரு காது வேண்டும். அந்தக் காதுகள்தான் கால்சியத்தைப் பிடிக்கும் புரதங்கள். தசையில் அந்த வேலையைச் செய்வது டிரோபோனின். ஜப்பானிய அறிவியலாளர் செட்சுரோ எபாஷி 1960-களில் அதைக் கண்டறிந்தார். கால்சியம் டிரோபோனினில் வந்து ஒட்டும்போது தசை இழைகள் ஒன்றன்மீது ஒன்று சறுக்கி, தசை சுருங்குகிறது.

சுருங்கிய தசை மீண்டும் தளரவும் வேண்டும். தளர வேண்டுமானால் கால்சியத்தை விரைவாக அப்புறப்படுத்த வேண்டும். ஒரு மீன் தப்பி ஓடுவதை நினைத்துப் பாருங்கள். வால் இடதும் வலதுமாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் அடிக்கிறது. ஒரு பக்கத் தசை சுருங்கும்போது மறுபக்கத் தசை தளர்ந்துவிட்டிருக்க வேண்டும். தாமதித்தால் மீன் இரையாகிவிடும். அதனால் மீனின் வெண்தசையில், சிந்திய கால்சியத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும் ஒரு புரதம் நிறைய இருக்கிறது. அதன் பெயர் பார்வல்புமின். நம் கதையின் நாயகன் அதுவே. சிலருக்கு வில்லனும் அதுவே.

ஒரு கெண்டை மீன் காட்டிய கை

1973-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கிரெட்சிங்கரும் அவருடன் பணியாற்றிய நாக்கோல்ட்ஸும், கெண்டை மீன் தசையிலிருந்து எடுத்த பார்வல்புமினின் முப்பரிமாண வடிவத்தை எக்ஸ் கதிர்களின் உதவியால் கண்டறிந்து வெளியிட்டனர். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. ஆனால் அது மாலைபோல் தொங்கிக்கொண்டிருப்பதில்லை, மடிந்து ஒரு வடிவம் எடுக்கிறது. அப்படி மடிவதற்கு என்னென்ன கோணங்கள் இடம் தரும் என்று 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் வரைந்து காட்டிய படத்தைத்தான், புரத வடிவங்களைச் சரிபார்க்க உலகம் இன்றும் பயன்படுத்துகிறது.

கெண்டை மீனின் புரதத்தில் இருப்பவை 108 அமினோ அமிலங்கள்தான். புரதங்களுக்குள் இது சின்னப் பிள்ளை. அதில் ஆறு சுருள்கள் இருந்தன. அவற்றுக்கு 'ஏ' முதல் 'எஃப்' வரை பெயரிட்டார்கள். 'ஈ' சுருளுக்கும் 'எஃப்' சுருளுக்கும் இடையில் ஒரு வளைவு. அந்த வளைவுக்குள் ஒரு கால்சியம் அயனி பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

இப்போது உங்கள் வலது கையை நீட்டுங்கள். ஆட்காட்டி விரலை நேராக நீட்டி, கட்டை விரலை அதற்குச் செங்குத்தாக விரியுங்கள். மற்ற விரல்களை உள்ளே மடியுங்கள். ஆட்காட்டி விரல்தான் 'ஈ' சுருள். கட்டை விரல்தான் 'எஃப்' சுருள். மடிந்த நடுவிரல் கால்சியத்தைச் சுற்றிப் பிடிக்கும் வளைவு. அந்த வளைவில் 12 அமினோ அமிலங்கள் உள்ளன. அறிவியலாளர்கள் இதற்கு 'ஈ-எஃப் கை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பார்வல்புமினில் இப்படி மூன்று கைகள் இருந்தாலும், கால்சியத்தைப் பிடிப்பவை இரண்டுதான்.

இந்தக் கை மீனுக்கு மட்டும் சொந்தமானதன்று. உங்கள் இதயத்தில் இருக்கும் டிரோபோனின்-சி, உங்கள் உடலின் எல்லா உயிரணுக்களிலும் இருக்கும் கால்மாடுலின் ஆகிய புரதங்களிலும் இதே கைதான் வேலை செய்கிறது. பிடி சற்றுத் தவறினாலும் நோய் வருகிறது. டிரோபோனின்-சி புரதத்தில் ஏற்படும் சில மரபணு மாற்றங்கள் இதயத் தசையைத் தடிக்கவோ தளரவோ செய்கின்றன. கால்மாடுலினில் உள்ள 148 அமினோ அமிலங்களில் ஒன்று மட்டும் மாறியிருந்த ஒரு சுவீடன் குடும்பத்தில், ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறு தலைமுறைகளாக வந்ததை 2012-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நெஞ்சுவலியுடன் வருபவரின் இரத்தத்தில் மருத்துவர்கள் 'டிரோபோனின்' பார்க்கிறார்கள் அல்லவா? அங்கு அளக்கப்படுபவை டிரோபோனின்-சியின் கூட்டாளிகளான டிரோபோனின்-ஐ, டிரோபோனின்-டி ஆகியவை. இதயத் தசை சிதைந்தால் அவை இரத்தத்தில் கசிகின்றன.

அந்த நோய்களில் நம் சொந்தப் புரதத்தின் கை தவறுகிறது. மீன் ஒவ்வாமையில் நடப்பது வேறு. அங்கே கை மீனுடையது, அது தவறுவதில்லை. மிக நன்றாகப் பிடித்துக்கொள்வதுதான் சிக்கல்.

வெப்பம் தோற்கும் இடம்

"வெப்பம் புரதத்தின் வடிவத்தைச் சிதைக்கும்." நொதிகளைப் பற்றிய பாடத்தில் நீங்கள் எழுதும் விடை இது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் கெட்டியாவதை எடுத்துக்காட்டாகச் சொல்வீர்கள். முழு மதிப்பெண் கிடைக்கும். விடை சரிதான். ஆனால் எல்லாப் புரதமும் ஒரே வெப்பத்தில், ஒரே அளவில், திரும்ப முடியாதபடி சிதையும் என்று அந்த விடை சொல்லவில்லை. நாம்தான் அப்படிப் புரிந்துகொள்கிறோம்.

பார்வல்புமின் சிறியது, உடலை நன்றாக ஒடுக்கிக்கொண்டிருப்பது. உள்ளே இருக்கும் இரண்டு கால்சியம் அயனிகளும் சேலை மடிப்புக்குக் குத்திய ஊசிபோல அதன் மடிப்புகளைப் பிடித்து வைத்திருக்கின்றன. கொதிக்கும் குழம்பில் அது சற்றுத் தளர்ந்தாலும், ஆறியதும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடக்கூடியது. எனவே மீன் வெந்துவிடும், சதை உதிரும், கிருமிகள் சாகும். ஒவ்வாமையைத் தூண்டும் புரதமோ பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பார்வல்புமின் நீரில் எளிதில் கரையும். மீன் துண்டிலிருந்து குழம்புக்குள் அது இறங்கிவிடும். "துண்டை எடுத்துட்டேன், குழம்பை மட்டும் ஊத்திக்கோ" என்று அம்மா பரிவோடு ஊற்றும் அந்தக் குழம்பில் ஒவ்வாமைப் பொருள் கரைந்தே இருக்கிறது. மீன் பொரித்த எண்ணெயில் பிறகு பொரித்த வாழைப்பழ வடையிலும் அது ஒட்டியிருக்கலாம். மீன் கொதிக்கும்போது எழும் ஆவியை முகர்ந்தே மூச்சுத் திணறல் வருபவர்களும் உண்டு. டின் சார்டினில் பயன்படும் மிகையான வெப்பம் பார்வல்புமினைக் குறைக்கலாம். ஆனால் முழுவதும் நீக்கிவிடும் என்று நம்பி ஒரு பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.

உடல் தவறாகப் படிக்கும் செய்தி

பலருக்கும் நல்ல உணவாக இருப்பது ஒருசிலருக்கு மட்டும் ஏன் பகையாகிறது? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு மீன் வருகிறது.

ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ஸ் கியூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய நண்பர் கார்ல் பிராவுஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொல்லையும் இல்லை. கியூஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து பிரித்த நீரைப் பிராவுஸ்னிட்ஸ் தம் வயிற்றுத் தோலில் ஊசியால் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது தோல் தடித்து வீங்கியது. ஒவ்வாமை மனத்தில் இல்லை, பிடிவாதத்தில் இல்லை. இரத்தத்தில் ஓடும் ஏதோ ஒரு பொருளில் இருக்கிறது என்பதை 1921-இல் வெளிவந்த இந்தச் சோதனை மெய்ப்பித்தது. இன்று இதுபோன்ற சோதனையை யாரும் செய்ய மாட்டார்கள். ஒருவரின் இரத்தத்திலிருந்து நோய்க்கிருமிகள் மற்றவருக்குத் தொற்றும் ஆபத்து உண்டு. நீங்களும் கனவில்கூட முயலக்கூடாது.

அந்தப் பொருள் எது என்று தெரிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின. 1966, 1967 ஆண்டுகளில் அமெரிக்காவில் பணியாற்றிய இஷிசாகா தம்பதியரும், சுவீடனில் யோஹான்சன், பென்னிச் ஆகிய இருவரும் தனித்தனியே அதைக் கண்டறிந்தார்கள். அது ஐஜிஇ என்ற நோய் எதிர்ப்புப் புரதம். அதே பென்னிச், நார்வேயின் எல்சாயதுடன் சேர்ந்து, காட் மீனில் ஒவ்வாமையைத் தூண்டும் புரதத்தின் அமினோ அமில வரிசையை 1975-இல் வெளியிட்டார். அது வேறு எதுவும் அன்று. கால்சியத்தைப் பிடிக்கும் நம் பார்வல்புமின்தான்.

நடப்பது இதுதான். ஒவ்வாமை உள்ளவரின் உடல் மீன் பார்வல்புமினைப் பகைவன் என்று தவறாக எண்ணி, அதற்கென்றே ஐஜிஇ புரதங்களைச் செய்து வைத்துக்கொள்கிறது. தோல், மூச்சுக்குழாய், குடல் ஆகிய இடங்களில் காவல் இருக்கும் மாஸ்ட் உயிரணுக்களின்மீது அவை ஒட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. அடுத்த முறை மீன் புரதம் வந்து அவற்றில் மாட்டியவுடன், மாஸ்ட் உயிரணுவுக்குள் கால்சியம் பாய்கிறது. ஆம், அங்கும் மணி அடிப்பது கால்சியம்தான்! உடனே ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் கொட்டப்படுகின்றன. தோல் தடிக்கிறது, உதடு வீங்குகிறது, வாந்தி வருகிறது. கடுமையானால் மூச்சுக்குழாய் சுருங்கும். இரத்த அழுத்தம் சரியும். சில நிமிடங்களில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் இது நடந்துவிடக்கூடும்.

இப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்து "நடிக்கிறான்" என்று சொல்வது, அம்மை போட்டவரைப் பார்த்து "ஏன் சொறிகிறாய்?" என்று அதட்டுவதற்குச் சமம்.

பாட்டி சொன்னதில் உண்மை எவ்வளவு?

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதெல்லாம் வெறும் மூடநம்பிக்கை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கண்டதையே சொல்கிறார்கள். ஆனால் வெவ்வேறு நோய்களை ஒரே பெயரால் சொல்லிவிடுவதால் குழப்பம் வருகிறது.

"வேகவைத்த மீன் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்பார் ஒருவர். அது உண்மையாகவே இருக்கலாம். ஐரோப்பாவில் காட் மீனைச் சாப்பிடுகிறார்கள். நாம் சாப்பிடும் மீன்கள் வேறு. அதனால் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஆய்வாளர்கள், பின்னாளில் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரோஸ்மிலா மிஸ்னான் உட்பட, நம் நாட்டு மீன்களையே எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றுள் ஒரு மீனில், வெப்பத்தைத் தாங்கும் பார்வல்புமினோடு, வெப்பத்தில் சிதையும் இரண்டு பெரிய புரதங்களும் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் என்று கண்டார்கள். அப்படியானால், வெப்பத்தில் சிதையும் புரதத்துக்கு மட்டும் ஒவ்வாமை உள்ளவருக்கு வேகவைத்த மீன் தொல்லை தராமல் போகலாம். பார்வல்புமின் ஒவ்வாமை உள்ளவருக்கு எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் தொல்லை தீராது. அத்தைக்குச் சரியாகிப்போனது உங்கள் தம்பிக்கும் சரியாகும் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

"மீன் பழசு, அதான் அரிக்குது" என்பார் இன்னொருவர். அதிலும் உண்மை உண்டு. கெம்போங், தொங்கோல் போன்ற மீன்களைப் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால், நுண்ணுயிரிகள் அவற்றின் தசையில் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். அதைச் சாப்பிடுகிற யாருக்கும் முகம் சிவந்து, உடல் அரித்து, தலை வலிக்கும். இது நச்சு, ஒவ்வாமை அன்று. இந்த ஹிஸ்டமினும் வேகவைப்பதால் போவதில்லை. ஒரு சட்டியில் சாப்பிட்ட நால்வருக்கும் அரித்தால் மீனைச் சந்தேகியுங்கள். புத்தம்புது மீனைச் சாப்பிட்டும் ஒருவருக்கு மட்டும் மீண்டும் மீண்டும் அரித்தால் ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள். இரண்டிலும் முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

"கொஞ்சம் கொஞ்சமா பழகிடும்" என்பதிலும் ஓர் இழை உண்மை உண்டு. அளந்து அளந்து ஒவ்வாமைப் பொருளைக் கொடுத்து உடலைப் பழக்கும் மருத்துவமுறை இருக்கிறது. நிலக்கடலை ஒவ்வாமைக்கு அப்படி ஒரு மருந்தை அமெரிக்கா 2020-இல் அனுமதித்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு துளியும் மில்லிகிராம் கணக்கில் அளக்கப்படுகிறது. அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் மருத்துவர் பக்கத்தில் இருக்கிறார். அவசர மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நம் சமையலறையில் அளவு என்பது அகப்பை. இரண்டும் ஒன்றாகிவிடாது.

"இறாலும் சேராதா?" என்று கேட்பார்கள். இறால், நண்டு ஆகியவற்றில் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் டிரோபோமையோசின் என்ற வேறொரு தசைப் புரதம். ஆகவே மீன் சேராத எல்லாருக்கும் இறாலும் சேராது என்றில்லை. திருக்கையும் சுறாவும் குருத்தெலும்பு மீன்கள். அவற்றின் பார்வல்புமின் சற்று வேறு வகை. மற்ற மீன்கள் ஆகாத சிலர் திருக்கையைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்று 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. இதைப் படித்துவிட்டு, இரவுச் சந்தையில் திருக்கை வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அந்தச் சோதனை நடக்க வேண்டிய இடம் மருத்துவமனை.

பிடியைத் தளர்த்தினால்?

கால்சியத்தைப் பிடிக்கும் கைதான் சிக்கல் என்றால், அந்தக் கையைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? வியன்னாவில் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். பார்வல்புமினிலிருந்து கால்சியத்தை நீக்கியபோது அதன் வடிவம் குலைந்தது. நோயாளிகளின் ஐஜிஇ அதை முன்போல் அடையாளம் காணவில்லை. இதை 1998-இல் அறிவித்தார்கள். 2007-இல் ஒருபடி மேலே சென்று, கால்சியத்தைப் பிடிக்கும் இடங்களையே மாற்றி அமைத்த கெண்டை மீன் பார்வல்புமினை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினார்கள். ஒவ்வாமையைத் தூண்டும் ஆற்றல் அதில் வெகுவாகக் குறைந்திருந்தது. உடலைப் பாதுகாப்பாகப் பழக்கும் மருந்தாக அதை மாற்ற முடியுமா என்று ஐரோப்பாவில் ஆய்வுகள் நடந்தன.

இந்த ஆய்வைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு ஒரு நிறைவு ஏற்படுகிறது. 1973-இல் கெண்டை மீனின் தசையை ஆராய்ந்தவர்கள் ஒவ்வாமைக்கு மருந்து தேடிக் கிளம்பவில்லை. ஒரு புரதம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் விரும்பினார்கள். 34 ஆண்டுகள் கழித்து அந்த வடிவம் மருந்து தேடுபவர்களுக்கு வழிகாட்டியது. "இதைப் படித்து என்ன பயன், சார்?" என்று கேட்கும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த மருந்து நம் கிளினிக்கில் கிடைக்கும்வரை, பாதுகாப்பு என்பது விலக்கி வைப்பதிலும் விரைந்து உதவுவதிலும்தான் இருக்கிறது. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் மீன் சேர்ந்திருந்தால் அதை உறையில் குறிப்பிட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைத் தட்டுக்கு உறை இல்லை. இரவுச் சந்தையின் கெரோபோக்குக்கும் மீன் உருண்டைக்கும் உறை இல்லை. கோயில் விருந்தில் சைவம், கவலை இல்லை. கல்யாண வீட்டு இரவு விருந்தில் எந்தக் கரண்டி எந்தச் சட்டியில் போனது என்று யாருக்கும் தெரியாது. நாசி லெமாக்கின்மீது தூவிய நெத்திலியை ஒதுக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். சம்பலிலேயே அது அரைபட்டிருக்கலாம்.

எனவே நான் வேண்டுவது பெரிய செலவு பிடிக்கும் எதையும் அல்ல. சிற்றுண்டிச்சாலையில் மீன் சேர்ந்த உணவுகளின் முன்னால் "மீன் உள்ளது" என்று ஓர் அட்டை. மீன் உணவுக்குத் தனிக் கரண்டி. மீன் பொரித்த எண்ணெயில் வேறு பலகாரம் பொரிப்பதில்லை என்ற ஒரு வழக்கம். "ஒன்றிரண்டு பேருக்காக இவ்வளவா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓர் அட்டையும் ஒரு கரண்டியும்தான் கேட்கிறோம். கண் தெரியாத ஒரு மாணவருக்காகப் படியில் மஞ்சள் கோடு போடும்போது நாம் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லையே!

மீன் சேராது என்று நினைக்கும் மாணவர்களே, நீங்களாகவே முடிவு செய்து மீனை ஆயுள் முழுக்க ஒதுக்கிவிடவும் வேண்டாம். நல்ல உணவைக் காரணமில்லாமல் இழப்பதும் இழப்புதான். அரசாங்க கிளினிக்கில் சொல்லுங்கள். ஒவ்வாமைப் பரிசோதனைக்கு வழிகாட்டுவார்கள். உறுதியானால், மருத்துவர் எழுதித் தருவதை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். உங்களோடு சாப்பிடும் இரண்டு நண்பர்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

நண்பர்களே, உங்களுக்குச் சொல்வது இது. "ஒரு வாய் சாப்பிட்டுப் பார், ஒன்றும் ஆகாது" என்று பந்தயம் கட்டாதீர்கள். விளையாட்டாக மீன் துண்டைத் தட்டில் போடாதீர்கள். சாப்பிட்ட சற்று நேரத்தில் ஒருவருக்கு உடல் தடித்து, கூடவே மூச்சு இரைந்தாலோ, குரல் கம்மினாலோ, நாக்கு வீங்கினாலோ, தலைசுற்றி விழுந்தாலோ, அது உயிர்காக்கும் நேரம். உடனே ஒரு பெரியவரை அழையுங்கள், 999-ஐ அழையுங்கள். மருத்துவர் கொடுத்த அட்ரினலின் ஊசி அவரிடம் இருந்தால், தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போட வேண்டும். அவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். அரிப்பு மாத்திரை தோலின் அரிப்பைத் தணிக்கும்; அடைக்கும் மூச்சுக்குழாயை அது திறக்காது. மஞ்சள் பூசுவதும், மோர் கொடுப்பதும், தூங்கச் சொல்வதும் நேரத்தைத் தின்னும். தோட்டத்தின் உட்புறத்திலிருந்து பெரிய சாலைக்கு வரவே நேரமாகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்ற பேச்சுக்கு நம் பகுதியில் இடமே இல்லை. சற்றுத் தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து அது திரும்பவும் வரலாம்.

பாடநூலில் "வெப்பம் புரதத்தைச் சிதைக்கும்" என்று படித்தோம். அதோடு இன்னொரு வரியையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்: சில புரதங்கள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வெப்பத்தையும் தாங்கிவிடும். இந்த வாரம் வீட்டில் மீன் குழம்பு வைக்கும்போது, உங்கள் வலது கையை நீட்டி அம்மாவுக்கும் பாட்டிக்கும் அந்த 'ஈ-எஃப் கை'யைக் காட்டி விளக்குங்கள். அடுத்த முறை "எனக்கு மீன் சேராது" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அந்த வீட்டில் ஒருவராவது அதை நம்புவார்.